அறுப்பதற்கு முன்பே வந்த சாத்துக்குடி

"முடிவு நீங்கதான் எடுக்கணும்" என்று அறுவை சிகிச்சை டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அவர் எவ்வளவோ படித்தவர். படித்ததற்குச் சாட்சியாகச் சுவரில் வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். நான் ஐ.டி.ஐ.யில் ஒரு பேப்பரை இரண்டு முறை எழுதித் தேறியவன். எங்கள் இருவரில், என் பெருங்குடலை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தகுதியானவன் நானாம்.

நான் முடிவெடுத்துப் பழக்கமே இல்லாத ஆள். கம்பெனியில் இன்றைக்கு என்ன கனத்தில் கம்பி உருட்டுவது என்பதை மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். வீட்டில் என்ன குழம்பு, எந்தச் சட்டை, எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது என்பதெல்லாம் என் மனைவியின் இலாகா. முடிவெட்டும் கடையில் எப்படி வெட்டணும் என்று கேட்டால்கூட "போன தபா மாதிரியே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். அப்படிப்பட்டவனிடம் போய்க் குடலை வெட்டவா என்று கேட்டால்?

டாக்டர் ஒரு தாளில் தலைகீழாக ஒரு 'ப' வரைந்தார். அதுதான் என் பெருங்குடல். பல வருடமாக அதன் உள்சுவர் முழுக்கப் புண். என் உடம்பின் காவல்படையே எதிரி யாரென்று தெரியாமல் சொந்தக் குடலை அடித்துக்கொண்டிருக்கிறதாம். எனக்கு வாய்ப்பவர்கள் எல்லாருமே இப்படித்தான்.

"இத மொத்தமா எடுத்துடலாம். சிறுகுடலோட முனையை வயித்து மேல வெளியே கொண்டுவந்து தச்சு வெப்போம். அதுமேல ஒரு பை ஒட்டிக்கணும். மலம் அதுல வரும். சில மாசம் கழிச்சு, சிறுகுடலையே உள்ள பை மாதிரி மடிச்சுத் தச்சு, பழைய வழியில சேர்க்கப் பார்க்கலாம். சில பேருக்கு அது சரிவராது. வெளிப்பையோடயே இருந்துடுவாங்க."

"எடுக்கலன்னா சார்?"

"மாத்திரை, ஊசின்னு ஓட்டலாம். ஆனா உங்களுக்கு இப்ப எதுவும் சரியா கேக்கல. அதுவும் இல்லாம, கேமரா விட்டுப் பார்த்தப்ப எடுத்த சதையில செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு. இன்னும் புத்துநோய் ஆகல. ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

வானிலை அறிக்கை வாசிப்பவர்கூட இதைவிட உறுதியாகப் பேசுவார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அந்தத் தலைகீழ் 'ப'வையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாதியின் அருமை பெருமைகளைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு வீடு ஆரம்பாக்கத்தில். வேலை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில். கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்து பட்டன்களைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். உலையிலிருந்து பழுக்கக் காய்ந்து வரும் இரும்பு, உருளைகளுக்குள் புகுந்து ஓடும். ஒரு நொடி தடம் மாறினால் சாட்டை மாதிரி எகிறிவிடும். அதனால் ஒரு கண்டிப்பான சட்டம்: மாற்றாள் வந்து நாற்காலியில் உட்காராமல் நான் எழுந்திருக்கக் கூடாது. மற்ற எல்லாச் சட்டத்தையும் என் குடல் மதித்தது. இந்த ஒன்றை மட்டும் மதிக்கவில்லை.

எனக்கு மாற்றாளாக வருபவன் பழவேற்காட்டுக்காரன். அப்பா, அண்ணன் எல்லாரும் ஏரியில் வலை போடுகிறவர்கள். இவன் ஒருவன் இரும்புக்கு வந்துவிட்டான். நான் தலைக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் அவன் எங்கிருந்தாலும் ஓடி வருவான். ஒரு ஷிஃப்டில் பன்னிரண்டு முறை வந்த நாளும் உண்டு.

"அண்ணாத்தே, பேசாம நாற்காலிய எம்மேல எழுதி வெச்சிட்டு நீ அங்கியே குந்திக்கோ" என்பான்.

இதற்கு நடுவில் கம்பெனி பாதுகாப்பு என்று சொல்லி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக ஒரு பாய்லர் சூட் கொடுத்தது. மேல் வேறு கீழ் வேறு கிடையாது. கழிப்பறைக்குப் போகிறவன் முதலில் ஜிப்பை இறக்கி, தோளைக் கழற்றி, இரண்டு கைகளையும் உருவி, அந்தக் கைத்துணி ஈரத்தரையில் விழாமல் இடுப்பில் முடிச்சுப்போட்டு, பிறகுதான் உட்கார வேண்டும். இந்த உடையை வடிவமைத்தவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட அவசரமாக வந்ததில்லை என்பது என் உறுதியான நம்பிக்கை. இரண்டு முறை முடிச்சுப் போடும் கட்டத்திலேயே தோற்றுப்போனேன். மூன்றாம் நாள் என் மனைவி அதை இடுப்பில் இரண்டாக வெட்டி, உள்ளே அழுத்து பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஷிஃப்டு தொடங்கும் முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி செய்ய வைப்பார்கள். பாதுகாப்பு அதிகாரி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை, "கையை மேல தூக்குங்க!" என்றது. தூக்கினேன். பட்பட்டென்று பட்டன்கள் விட்டுக்கொண்டன. மேல்பாதி கையோடு மேலே போய்விட்டது. கீழ்பாதி இறங்குவதா வேண்டாமா என்று யோசித்தது. நடுவில் மாத்திரையால் உப்பிய என் தொப்பை எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னது.

"இன்னாண்ணா இது, ரெண்டா பூட்ச்சு?" என்றது அந்தப் பிள்ளை.

மொத்த வரிசையும் கைதட்டியது. பழவேற்காட்டுக்காரன் விசில் அடித்தான்.

அதோடு விஷயம் மேலே போய்விட்டது. கம்பெனி டாக்டர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, இப்படியே தொடர முடியாது, சிகிச்சை முடித்துத் தகுதிச் சான்றோடு வந்தால் கேபின், இல்லையென்றால் சாமான் அறையில் வேலை என்றார். சாமான் அறை என்பது எங்கள் ஆலையில் உடைந்த மின்விசிறிகளையும் உடைந்த ஆட்களையும் வைக்கும் இடம். அப்புறம்தான் சென்னைக்குப் போய், அந்தத் தலைகீழ் 'ப'.

முடிவெடுக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? ஊரைக் கேட்பான். கேட்டேன். அதைவிடச் சாமான் அறைக்கே போயிருக்கலாம்.

பழவேற்காட்டுக்காரன் யோசிக்கவே இல்லை, இறாலை உதாரணம் காட்டினான். "எறாவ கொடலு எடுக்காம துன்னா வவுத்த கலக்கும். எட்து போட்டுட்டா ருசியே வேற. நீயும் எட்து போட்டுடு அண்ணாத்தே."

"எறா செத்தப்புறம்தாண்டா கொடலு எடுக்கறாங்க."

"அது வாஸ்தவம்" என்று ஒப்புக்கொண்டான்.

என் மனைவியின் அண்ணன் எங்கள் மாவட்டத்து ஆரணியில் உரக்கடை வைத்திருப்பவர். பூச்சி, புழு, வேர் அழுகல் எதைச் சொன்னாலும் மருந்து எடுத்துக் கொடுப்பார். மனிதர்களையும் அவர் ஏறக்குறைய அப்படித்தான் பார்ப்பார். "மச்சான், நா சொல்றத கேளு. கத்தி பட்டா காத்து பூந்துடும். காத்து பூந்தா உள்ள கீறது பரவிடும். எங்க கடைக்கு வர்ற ஒரு ஆளு, ஆபரேசன் பண்ணிக்கினு வந்தான், அவ்ளோதான்."

"இன்னா ஆபரேசன் மச்சான்?"

"கண்ணு."

அவரே மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆந்திர எல்லை தாண்டி ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப் போனார். வைத்தியர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "பயப்படாத நைனா, சூடுதான்" என்று ஒரு பொடி கொடுத்தார். மோரில் கலந்து குடித்தேன். அடுத்த மூன்று நாளும் நான் எங்கே இருந்தேன் என்பதை விளக்கத் தேவையில்லை. மச்சானிடம் போனில் சொன்னேன். "பாத்தியா, வேலை செய்து!" என்று சந்தோஷப்பட்டார்.

கடைசியில் மனைவியிடமே வந்தேன். என் சட்டையின் நிறத்தைக்கூட என்னிடம் விடாதவள், இதை மட்டும் தொடவில்லை.

"உன் வவுறு. நீதான் சொல்லணும்."

"இத்தினி வருசமா என் வவுத்துக்கு இன்னா போடணும்னு நீதான சொன்ன?"

அவள் அரிசி களைவதை நிறுத்தினாள். "பண்ணிக்கோன்னு நா சொல்லி உனக்கு எதனா ஆயிட்சின்னா? வேணாம்னு சொல்லி எதனா ஆயிட்சின்னா? ரெண்டுத்துக்கும் நாந்தான் உக்காந்து அழணும். போய்யா."

அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் சாத்துக்குடி வந்தது. ரேஷன் கடை வரிசையில் என் மனைவி யாரோ ஒருத்தியிடம் "ஆபரேசன் பண்ணணும்னு சொல்லிக்கீறாங்க" என்றிருக்கிறாள். அந்தச் சொல் வரிசையின் கடைசிக்குப் போவதற்குள் "பண்ணிட்டாங்க" ஆகிவிட்டது. எங்கள் பக்கம் உடம்பு முடியாதவரைப் போய்ப் பார்க்காமல் விட்டால் அது பகை. சண்டை போட்டுப் பேசாமல் இருப்பவர்கள்கூட பழத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பேசாமல் இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு எட்டுப் பெண்கள் சாத்துக்குடியும் ரொட்டிப் பாக்கெட்டுமாகத் தெருவில் வந்தார்கள். நான் அப்போது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆபரேசன் ஆன மனுசன் மேல இன்னாய்யா பண்றே?" என்று கீழேயிருந்து ஒரு அத்தை அலறினார்.

ஆபரேஷன் ஆகவில்லை என்று சொன்னால், வெயிலில் பழம் சுமந்து வந்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? என் மனைவி கீழே நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். இறங்கி வந்து, ஈர லுங்கியோடு பாயில் படுத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன். எட்டுப் பேரும் சுற்றி நின்று ஜெபம் செய்தார்கள். மனமுருகத்தான் செய்தார்கள். எனக்கே என்மேல் பரிதாபம் வந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. போகும்போது அந்த அத்தை போர்வையைத் தூக்கித் தையலைப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தார். "டாக்டரு காத்து படக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு" என்று என் மனைவி, தன் அண்ணனின் விஞ்ஞானத்தைக் கடன் வாங்கிச் சமாளித்தாள்.

அவர்கள் போன பிறகு நடுவீட்டில் சாத்துக்குடி மலைபோல் கிடந்தது. புளிப்பு என் குடலுக்கு ஆகாது. ஒரு சுளைகூடத் தின்ன முடியாது. ஒரு ஆபரேஷனுக்கான பழமெல்லாம் வந்து இறங்கிவிட்டது, ஆபரேஷன் மட்டும்தான் பாக்கி. இனிமேல் உண்மையிலேயே அறுத்துக்கொண்டு படுத்தாலும் ஒருவரும் வரப்போவதில்லை. ஊர் தன் கடமையை முடித்துக்கொண்டது.

மறுவாரம் டாக்டரிடம் போய், இன்னும் முடிவெடுக்கவில்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. அங்கிருந்த நர்ஸ் ஒருவர், "ஏற்கனவே பண்ணிக்கிட்டவங்கள ஒருதடவ பார்த்துப் பேசுங்களேன்" என்று, யாரிடமோ போனில் அனுமதி கேட்டு ஒரு விலாசம் கொடுத்தார். பொன்னேரியில் மளிகைக்கடை வைத்திருப்பவர். எனக்கிருந்த அதே வியாதி. அந்த வெளிப்பையோடு சில வருடமாக இருக்கிறார்.

நானும் மனைவியும் போனோம். பல கேள்விகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நாற்றம் வருமா? தூக்கத்தில் கழன்றுவிடுமா? நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட முடியுமா? இதை வைத்துக்கொண்டு இருப்பவனை மனுஷனாக மதிப்பார்களா? கடைசிக் கேள்வியை எப்படிக் கேட்பது என்றுதான் ரயிலில் வழி முழுக்க யோசித்தேன்.

அவர் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில், பனியனும் லுங்கியுமாக உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் டீ கொடுத்துவிட்டு என் மனைவியை உள்ளே கூட்டிப் போனார்.

"வாங்க வாங்க, உக்காருங்க. ரோட்டுல இன்னா தோண்டி வெச்சிக்கினு கீறாங்க பாத்தீங்களா? ஆறு மாசமா இதே பேஜாரு."

"ஆமாங்க. அந்தப் பை..."

"பையா? அது பாட்டுக்குக் கீது" என்று பனியனைத் தூக்கிக் காட்டினார். வயிற்றின் வலது பக்கம் தோல் நிறத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நான் சரியாகப் பார்ப்பதற்குள் பனியனை இறக்கிவிட்டார். "எதிர்ல கல்யாண மண்டபம் கட்டிக்கீறான். ஸ்பீக்கர எங்க ஊட்ட பாத்துதான் கட்டுவான். கேட்டா, சார் உங்களுக்கும் சேத்துதான் பாட்டு போடறோம்னு சொல்றான்."

"வெளியில எங்கயாவது போனா..."

"வெய்யில் காலத்துல சுத்தி கொஞ்சம் புண்ணாவும். ஒருவாட்டி பந்தியில கசிஞ்சிட்சி, எழுந்து வந்துட்டேன். அத உடுங்க. அந்தக் கல்யாணத்துலதான் எம்மருமவன் இன்னா பண்ணான் தெரியுமா?"

மருமகன் புராணம் தொடங்கியது. மாமனாரின் ஸ்கூட்டரை எடுத்துப் போய்ப் பெட்ரோல் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்துகிறவன். நடுவில் "ஒரு நிமிசம்" என்று எழுந்து கழிப்பறைக்குப் போனார். என் டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தார். விட்ட இடத்தில், அதே வாக்கியத்தின் பாதியிலிருந்து தொடர்ந்தார். "...கேட்டா, மாமா வண்டியில ரிசர்வ் கீதுன்றான்!"

எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் உயிர்போகும் கேள்விகளோடு வந்திருக்கிறேன். இவர் பால் பாக்கெட்டில் தண்ணீர் கலப்பதைப் பற்றியும், பக்கத்து வீட்டு முருங்கைக்கிளையைப் பற்றியும், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறவர்களைப் பற்றியும் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தார். பையைப் பற்றி அந்த வெயில் புண்ணும் கசிந்த கல்யாணமும் தவிர ஒரு புகாரும் இல்லை. கிளம்பும்போது, "எதனா சந்தேகம்னா போன் பண்ணுங்க" என்றார். மருமகன் சம்பந்தமாக எனக்கு ஒரு சந்தேகமும் மிச்சமில்லை.

ஸ்டேஷனுக்கு வந்தோம். ரயில் வரும் என்று அறிவித்த நேரம் பார்த்து என் வயிறு அழைத்தது. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. ஏறிவிட்டால் இறங்கும்வரை கடவுள்தான். நடைமேடையின் அந்தக் கோடிக்கு ஓடினேன். கழிப்பறைக்குள் இருக்கும்போது ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு கிளம்பும் சத்தமும் கேட்டது.

வெளியே வந்தால் நடைமேடை காலி. கூட்டத்தோடு நானும் பின்னால் ஏறிவிட்டேன் என்று நினைத்து என் மனைவி ஏறிவிட்டிருக்கிறாள். என் போன், டிக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் அவளுடைய கைப்பையில் போய்க்கொண்டிருந்தன.

பெஞ்சில் உட்கார்ந்தேன். வந்த ஆத்திரத்துக்கு யாரையாவது திட்ட வேண்டும். ஒருவரும் கிடைக்கவில்லை. வலது பக்கம் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. மச்சானிடம் கேட்க முடியாது. பழவேற்காட்டுக்காரனிடம் கேட்க முடியாது. டாக்டருக்குப் போன் போட முடியாது. பெண்டாட்டியே ரயில் ஏறிப் போய்விட்டாள். என் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு விஷயத்தைக் கேட்பதற்குப் பக்கத்தில் ஆளே இல்லை.

அந்த மளிகைக்கடைக்காரர் மேல் இன்னும் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது பொறாமைக் கடுப்பு என்று மெல்லப் பிடிபட்டது. அந்த மனிதருக்கு மருமகனைத் திட்ட நேரம் இருக்கிறது. மண்டபத்தோடும் முருங்கையோடும் மல்லுக்கு நிற்கத் தெம்பு இருக்கிறது. நான் கடைசியாக யாரோடு ஒரு சண்டையை முழுதாகப் போட்டேன்? மச்சான் அந்தப் பொடிக்குச் சந்தோஷப்பட்டபோதுகூட, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டு ஓட வேண்டியிருந்தது. எத்தனையோ வருடமாக எந்தச் சினிமாவின் நடுவையும், எந்தச் சாவுவீட்டின் முடிவையும், என் பிள்ளைகள் சொன்ன எந்தக் கதையின் கடைசியையும் நான் பார்த்ததில்லை, கேட்டதில்லை. இதில் நான் பையை மாட்டிக்கொண்டால் மனுஷனாக மதிப்பார்களா என்று கவலைப்படுகிறேன். இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்?

அந்த மாறிப்போன செல்கள் வேறு. ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதையும் வயிற்றில் வைத்துக்கொண்டு சாமான் அறையில் உட்கார்ந்து உடைந்த மின்விசிறிகளை எண்ணலாம்.

அறுத்துவிடலாம் என்று நாயிடம் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

சட்டைப்பையில் கிடந்த சில்லறைக்கு டிக்கெட் எடுத்து, அடுத்த ரயிலில் ஏறி வாசலிலேயே நின்றேன். என் மனைவியை எனக்குத் தெரியும். திரும்பி வந்து தேட மாட்டாள், வீட்டுக்கும் போக மாட்டாள். நினைத்தபடியே அடுத்த ஸ்டேஷனான கவரைப்பேட்டையின் நடைமேடையில் கைப்பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் கையாட்டியதும் ஏறினாள்.

"யோவ், உனக்கு அறிவு கீதா? ட்ரெயினு முச்சூடும் தேடிக்கினு வரேன். தண்டவாளத்துல வியுந்து கிய்ந்து பூட்டியோன்னு..." பெட்டியில் பாதிப் பேர் எங்களையே பார்த்தார்கள்.

"அறுத்துடலாம்" என்றேன்.

"இன்னா?"

"கொடலு. எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"யாரக் கேக்கறது? நீதான் ட்ரெயின் ஏறி பூட்டியே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே நாற்று நட்ட வயல்கள் ஓடின. அந்தப் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"அந்தம்மா உள்ள கூட்டிம்போய் காட்டுச்சி. அந்தப் பைய எப்டி எடுக்கறது, எப்டி தொடைக்கறது, அளவு பாத்து ஓட்ட வெட்டி எப்டி ஒட்டறதுன்னு. ரெண்டு தபா என்னையே வெட்ட வெச்சி பாத்துச்சி."

"அதெல்லாம் கத்துக்கினியா? அப்ப நா பண்ணிக்கணும்னுதான் உனக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? இத்தினி நாளு ஊரெல்லாம் அலைஞ்சேனே! அந்தப் பொடியெல்லாம் குடிச்சேனே!"

"சொன்னா, நா சொல்லித்தான் பண்ணிக்கினேன்னு சொல்லுவ" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து என் போனை எடுத்து நீட்டினாள். "ஆஸ்பத்திரிக்குப் போட்டு தேதி கேளு. நீயே பேசு."